அந்த 69-ஐப் பற்றி இன்று சொல்லிவிடுகிறேன்

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். "டீச்சர் பெல் அடிச்சும் விடமாட்டாங்க" என்று நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கினவன் 94 பேட்ச் பையன். பையன் என்ன பையன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் ஒரு பண்ணைக் குட்டையும் வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம் என்றால் அவன் செட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

கையில் ஒரு தூக்குவாளி. திறந்து பார்த்தால் ஜிலேபி மீன். எல்லாம் விரல் நீளம், அதைத் தாண்டி ஒன்றுகூட இல்லை.

"டீச்சர், எட்டு மாசம் தீனி போட்டேன். கால் கிலோ, அரைக் கிலோ வரும்னு பார்த்தா வலையில வந்தது இதுதான். விட்டது ரெண்டாயிரம் குஞ்சு. இப்ப குட்டையில எத்தனை ஆயிரம் கிடக்குன்னு எனக்கே தெரியல. யாவாரி பார்த்துட்டு, கருவாட்டுக்குக்கூட வேணாம்னு போயிட்டான்."

சுத்தம் செய்யக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டான். "நீங்க ஒருநாள் கிளாஸ்ல மலட்டு மீன்னு ஒண்ணு சொன்னீங்களே, அந்தக் குஞ்சு எங்க டீச்சர் கிடைக்கும்?"

முப்பது வருஷம் கழித்து ஒரு பிள்ளை பாடத்தை நினைவில் வைத்துக் கேட்கிறான். சந்தோஷப்பட்டேன். அடுத்து அவன் சொன்னதில்தான் கத்தி நின்றுவிட்டது.

"அன்னிக்கு நீங்க பாதியில நிறுத்திட்டு வெளிய போயிட்டீங்க. திரும்பி வந்து அந்தப் பாடத்தை முடிக்கவே இல்ல. தொண்டை கட்டிடுச்சுன்னு நாங்க நினைச்சோம்."

முடிக்காத பாடம்தான். இன்றைக்கு முடித்துவிடுகிறேன்.

முதலில் அவன் குட்டையில் நடந்தது என்ன என்று பார்ப்போம். நாம் ஜிலேபி என்று சொல்லும் திலேப்பியா நம் ஊர் மீன் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து பல நாடு சுற்றி, 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. நம் மண்டபத்துக்கு இலங்கையிலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். தாய் மீன் முட்டைகளை வாயில் அடைத்து வைத்துக்கொண்டு, தான் சாப்பிடாமல் குஞ்சு பொரிக்கும். பொரித்த பிறகும் ஆபத்து என்றால் குஞ்சுகள் ஓடி வந்து அம்மா வாய்க்குள் புகுந்துகொள்ளும். இவ்வளவு பாதுகாப்பு இருப்பதால் பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடும். சில வாரத்தில் அடுத்த ஈடு வந்துவிடும். இரண்டாயிரம் வயிற்றுக்குப் போட்ட தீனியை இருபதாயிரம் வயிறு பங்கு போட்டால் எந்த மீன் பெருக்கும்?

இதற்கு நேர் எதிர் கட்லாவும் ரோகுவும். அவை ஆற்று மீன்கள். குளத்தில் எத்தனை வருஷம் வளர்த்தாலும் தானாக முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஒரு மீனைப் பெற வைக்கப் பாடுபட்டார்கள், இன்னொன்றைப் பெறாமல் வைக்கப் பாடுபடுகிறார்கள். மனுஷனுக்கு வேண்டியபோது வேண்டும், வேண்டாதபோது வேண்டாம்.

சரி, பெறாமல் வைப்பது எப்படி? ஒரு வழி, எல்லாம் ஆணாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. திலேப்பியாவில் ஆண்தான் வேகமாக வளரும், பெண் இல்லாவிட்டால் இனப்பெருக்கமும் இல்லை. பொரித்த குஞ்சுகளுக்கு முதல் மூன்று நான்கு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்தால் பெண்ணாக வேண்டியதும் ஆணாக வளரும். பிலிப்பைன்ஸில் 1990-களில் இன்னொரு வழியில் செய்தார்கள். நம்மைப் போலவே நைல் திலேப்பியாவுக்கும் ஆணுக்கு எக்ஸ் ஒய், பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ். எக்ஸ் ஒய் உள்ள குஞ்சைப் பெண் ஹார்மோன் கொடுத்துப் பெண்ணாக வளர்த்து, சாதாரண ஆணோடு சேர்த்தால், நாலில் ஒன்று ஒய் ஒய் ஆகப் பிறக்கும். சாதாரணப் பெண் மீனோடு இந்த ஒய் ஒய் ஆண் சேர்ந்தால் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே ஆண். சந்தைக்குப் போகிற மீன் ஹார்மோனையே பார்க்காது. பன்னெட் சதுரம் போட்டுப் பாருங்கள், வரும். இன்னும் மறக்கவில்லையே?

இன்னொரு வழிதான் நான் அன்று வகுப்பில் ஆரம்பித்த டிரிப்ளாய்டு. மும்மயம் என்று புத்தகத்தில் இருக்கும்.

மனிதரிலும் மீனிலும் அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி குரோமோசோம் வருகிறது. நமக்கு 23-ம் 23-ம் சேர்ந்து 46. புல்கெண்டைக்கு 24-ம் 24-ம் 48. ஆனால் முட்டை வெளியே வரும்போது அதில் ஒரு தொகுதி மட்டும் இருப்பதில்லை. கூடுதலாக ஒன்று அதனிடம் மிச்சம் இருக்கிறது. விந்து உள்ளே நுழைந்த பிறகுதான் முட்டை அந்த மிச்சத்தை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி வெளியே தள்ளும். துருவ உறுப்பு என்று அதற்குப் பெயர். மீனிலும் அப்படித்தான், மனுஷியிலும் அப்படித்தான்.

மீன் பண்ணைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், முட்டையையும் விந்தையும் தட்டில் கலந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். புல்கெண்டை முட்டையாக இருந்தால் சுமார் நான்கு நிமிடத்தில் இரும்பு உருளைக்குள் போட்டு, சதுர அங்குலத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் பவுண்டு அழுத்தம் கொடுப்பார்கள். கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நிமிடம்தான். அந்த அதிர்ச்சியில் முட்டையால் பொட்டலத்தை வெளியே தள்ள முடியாமல் போகும். அம்மாவிடமிருந்து இரண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, ஆக மூன்று தொகுதி. 48-க்குப் பதில் 72. சில மீன்களுக்கு அழுத்தத்துக்குப் பதில் வெந்நீரோ குளிர்நீரோ கொடுப்பார்கள்.

இந்த மீன் நன்றாக நீந்தும், சாப்பிடும், வளரும். பெற்றுக்கொள்ள மட்டும் முடியாது. ஏன் என்பதற்கு நான் வகுப்பில் சொன்ன உதாரணம் ஞாபகம் இருக்கிறதா? பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகும்போது "ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துப் போங்க" என்று சொல்வேன். முட்டையோ விந்தோ உருவாகும்போது குரோமோசோம்களும் அப்படித்தான் ஜோடி சேர்ந்து, பிறகு பிரிய வேண்டும். மூன்று பேர் இருந்தால் யார் கையை யார் பிடிப்பது? வரிசையே குலைந்துவிடும்.

உங்கள் தோட்டத்து வாழையும் இதே கணக்குதான். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன் எல்லாம் மூன்று தொகுதிக்காரர்கள். பதினொன்று மூன்று முப்பத்து மூன்று. அதனால்தான் வாழைப்பழத்தில் விதை இல்லை. நடுவில் கறுப்பாகத் தெரியும் சின்னப் புள்ளிகள், விதையாக முடியாமல் நின்றுபோனவை. அதைத்தான் வெற்றிலையோடு தட்டில் வைத்து, மங்கலம் என்று கொடுக்கிறோம்.

அமெரிக்காவில் புல்கெண்டையை 1963-ல் குளத்துப் பாசி, களைகளைத் தின்பதற்காகக் கொண்டுவந்தார்கள். அது ஆறுகளுக்குத் தப்பிப் போய்ப் பெருக ஆரம்பித்தது. 1980-களில் ஆர்கன்சாவில் மும்மயக் குஞ்சு தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று பல மாநிலங்களில் அதை மட்டும்தான் விட அனுமதி. ஒவ்வொரு குஞ்சிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மீனுக்கு உண்டு. மூன்று தொகுதி இருந்தால் உட்கரு ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கும். அளந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

டிரவுட், சால்மன் மீன்களிலும் இப்படிச் செய்கிறார்கள். பெண் மீனுக்குச் சினைப்பை நூல் போல நின்றுவிடுவதால், முட்டைக்குப் போக வேண்டிய சத்து சதைக்குப் போகும். ஆனால் மீனுக்கும் அது சும்மா வருவதில்லை. மூன்று தொகுதி சால்மனுக்குத் தாடை கோணுவது, கண்ணில் புரை விழுவது அதிகம். தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறைந்தால் மற்றதைவிட முதலில் தவிக்கும்.

இதுதான் பாடம். இனி, அன்று ஏன் நிறுத்தினேன் என்பது.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து, 1993-ல் எனக்குக் கரு தங்கியது. பன்னிரண்டாவது வாரம் போய்விட்டது. இது சொந்தங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏன் போனது என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒருவர் நான் பப்பாளி சாப்பிட்டதைப் பார்த்ததாகச் சொன்னார். ஒருவர் டவுன் பஸ்ஸில் தினம் போய் வந்ததால் என்றார். பள்ளியில் மாடியேறியதுதான் என்றார் ஒருவர். பிராணிகளை அறுத்துப் பாடம் நடத்துகிற பாவம் என்றுகூட ஒருவர் சொன்னார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். கஞ்சியோடு அந்த வார்த்தையும் வந்தது. ஒரு காரணம் கிடைத்தால் அடுத்த முறை தடுத்துவிடலாம் என்கிற ஆசையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்கிறவளுக்கு, "நீதான் கொன்றாய்" என்றுதான் கேட்கும்.

சென்னையில் பார்த்த மருத்துவர் அந்தத் திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. ஒரு நாள் சாயங்காலம் தபாலில் வந்தது. ஒரே தாள். அதில் எழுதியிருந்த எண் 69.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன கணக்கு?" என்று கேட்டார். அவர் பாங்கில் வேலை பார்த்தவர். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருபத்து மூன்று மூன்று அறுபத்தொன்பது.

மறுநாள் காலை இரண்டாவது பீரியட் உங்களுக்கு. குரோமோசோம் எண்ணிக்கை மாற்றங்கள் பாடம். புத்தகத்தில் வெறும் வரையறைதான் இருந்தது. எம்.எஸ்சி.யில் எங்கள் பேராசிரியர் சொன்ன மீன் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று ஆரம்பித்தேன். போர்டில் 3n என்று எழுதினேன். "இப்படிப் பிறக்கிற மீன் நல்லா வளரும், ஆனா மலடு" என்று சொன்னேன். கடைசிப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்த வயதில் அந்த வார்த்தைக்குச் சிரிப்பு வரும், குற்றம் சொல்லவில்லை. "மனுஷங்களுக்கு இப்படி ஆனா டீச்சர்?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். நல்ல கேள்வி. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான் அம்மா. மீனுக்கு மூன்று தொகுதி இருந்தால் பிழைக்கும். மனிதக் கருவுக்குப் பிழைக்க வழியில்லை. அனேகமாக முதல் சில மாதத்திலேயே நின்றுவிடும். எப்போதாவது பிரசவம் வரை வந்தாலும் அந்தக் குழந்தை தங்குவதில்லை. நூறு கருக்களில் ஒன்றிரண்டு இப்படி ஆகிறது என்கிறார்கள். முட்டை தன் பொட்டலத்தைத் தள்ளாமல் விட்டால் ஆகும், ஒரே முட்டைக்குள் இரண்டு விந்து நுழைந்துவிட்டாலும் ஆகும். தற்செயல். பெரும்பாலும் திரும்ப வருவதும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, ஏதோ ஒரு குரோமோசோம் எண்ணிக்கைப் பிழையால்தான் நிற்கிறது.

இப்போது அந்தக் கடிகாரத்தோடு நின்ற பண்ணைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கிடைக்கிற நேரம் சில நிமிடம். முட்டை பொட்டலத்தைத் தள்ளிவிட்ட பிறகு எட்டாயிரம் பவுண்டு என்ன, எவ்வளவு அழுத்தினாலும் அதை உள்ளே திருப்பிக் கொண்டுவர முடியாது. நேரம் போனது போனதுதான். மனிதக் கருவிலும் 46-ஆ 69-ஆ என்பது கருவான முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துபோன விஷயம். அப்போது நான் உண்டாகியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பப்பாளி அதற்கு ஒன்றரை மாதம் கழித்துச் சாப்பிட்டது. டவுன் பஸ் எவ்வளவு குலுக்கினாலும் ஒரு குரோமோசோமைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இவ்வளவு தெரிந்த நான் ஏன் அன்றே சொல்லவில்லை? சிலர் கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, மாமியாரிடம் போய்க் குரோமோசோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவதுதான் உண்மையான காரணம். கூடுதல் தொகுதி என்னிடமிருந்து வந்ததா, அவரிடமிருந்து வந்ததா என்று அந்தத் தாளில் இல்லை. நான் வாயைத் திறந்தால் பழி என்னை விட்டு இறங்கி நேராக அவர் தோளில் ஏறும், அவ்வளவுதான். அவர் அந்த வீட்டிலேயே அதிகம் பேசாத மனுஷர். நானே வைத்துக்கொள்கிறேன் என்று தாளை மடித்து விலங்கியல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். 69-க்குப் பக்கத்தில் மூன்று எழுத்தும் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் போய் ஆறு வருஷமாகிறது. இனி யார் தோளிலும் எதுவும் ஏறாது என்பதால் எழுதுகிறேன்.

அடுத்த வருஷத்திலிருந்து வகுப்பில் "மலட்டு மீன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். "சினை பிடிக்காத மீன்" என்று சொன்னேன். 95-க்குப் பிறகு படித்தவர்கள் நோட்டை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இன்றைக்கு இதையெல்லாம் எழுத வைத்தது அந்தத் தூக்குவாளி மட்டும் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் நம் குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு. இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்குக் கலைந்துபோனது. "நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா எப்படித் தங்கும்?" என்று ஒருவர். "வண்டி ஓட்டாதேன்னு சொன்னேன், கேட்டாளா?" என்று இன்னொருவர். பப்பாளி போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அவள் அடுத்த பந்திக்குக் காத்து நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. முகத்தைப் பார்த்தேன், 1993-ல் கண்ணாடியில் பார்த்த முகம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். யார் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

சொந்தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் காரணம் தேடாதீர்கள். சாப்பிட ஏதாவது செய்துகொண்டு போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். காரணத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும்: திரும்பத் திரும்பக் கலைந்தால் டாக்டரிடம் போய்ச் சோதனை செய்யுங்கள், இருவரும் சேர்ந்து போங்கள். இரகசியமாக ஒரு தாளை முப்பது வருஷம் புத்தகத்துக்குள் வைக்காதீர்கள்.

94 பேட்ச் பையனுக்குச் சொன்ன யோசனையையும் கேட்டுவிடுங்கள், குட்டை வைத்திருப்பவர்களுக்கு உதவும். மும்மய ஜிலேபி கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை. அது ஒரு ஈட்டுக்குக் கொஞ்சம் முட்டைதான் இடும், அதையும் வாயில் வைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கில் எடுத்து அழுத்தம் கொடுப்பது நடக்காத காரியம். வேண்டுமானால் மீன்வளத் துறையில் முறைப்படி அனுமதி வாங்கி, அங்கீகாரம் உள்ள பண்ணையில் எல்லாம் ஆணான கிஃப்ட் திலேப்பியா குஞ்சு வாங்க வேண்டும். தெருவில் பாலிதீன் பையில் கொண்டுவருகிறவரிடம் வாங்கக் கூடாது. அதற்கு முன் குட்டையை முழுக்க வற்றவைத்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஜிலேபி உள்ளேயே இருக்கும். இப்போதைக்குச் செலவில்லாத வழி, கொஞ்சம் விரால் குஞ்சு விடுவது. அது சின்ன ஜிலேபியைத் தின்று தானும் வளரும், விராலுக்கு விலையும் உண்டு. "இது எங்க தாத்தா சொன்னதாச்சே டீச்சர்" என்றான். தாத்தா சொன்னதைக் கேட்டிருந்தால் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்.

கிளம்பும்போது அவனிடமும் அந்த 69-ஐச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "அன்னிக்குப் பின்னாடி சிரிச்சது நான்தான் டீச்சர்" என்றான். "தெரியும்டா, மூணாவது பெஞ்சைக் கடைசின்னு நினைச்சுட்டேன், அவ்வளவுதான். போய்ட்டு வா" என்றேன்.

மீனை மண்சட்டியில் குழம்பு வைத்தேன். சின்ன மீன் என்றாலும் ருசியில் குறைவில்லை. முள்தான் அதிகம்.

பாடம் முடிந்தது பிள்ளைகளே. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இந்த முறை எழுந்து வெளியே போகமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்